மோசல் நதிக்கரையில் ரீஸ்லிங்: சரிவிலிருந்து புட்டி வரை

முதல் நாள்: ட்ரியர், ரூவர் பள்ளத்தாக்கு

ஜெர்மனியின் மேற்கு ஓரம், லக்ஸம்பர்க் எல்லைக்குப் பக்கத்தில் ட்ரியர். இங்குள்ள ரைன்லாந்து அருங்காட்சியகத்தில் ஒரு கல் படகு இருக்கிறது. நடுவே பீப்பாய்கள், இருபுறமும் துடுப்பு போடுகிறவர்கள். கி.பி. 220 வாக்கில் ஒரு ஒயின் வியாபாரியின் கல்லறைக்காகச் செதுக்கியது. கிடைத்த இடம் ஆற்றோரத்து நொய்மாகன். ரோமானியர் காலத்திலேயே இங்கே ஒயின் பெருவணிகம். ஆனால் இன்று மோசலின் பெயரைத் தாங்கி நிற்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ரகம் அதற்கு வெகுகாலம் பிந்தியது. அதைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று 1435இல், ரூசல்ஸ்ஹைம் ஊர்க் கணக்கில் வருகிறது. 1787இல் ட்ரியரை ஆண்ட பேராயர் க்ளெமென்ஸ் வென்ஸஸ்லாஸ், மட்டமான ரகங்களைப் பிடுங்கிவிட்டு நல்ல ரகம் நடும்படி ஆணையிட்டார். ரீஸ்லிங் இந்தச் சரிவுகளில் பரவியதில் அந்த ஆணைக்குப் பெரிய பங்கு உண்டு.

ட்ரியர் இருப்பது ஏறக்குறைய 49 டிகிரி 45 நிமிட வட அட்சத்தில். தரமான திராட்சை விளைய இது எல்லைக்கோடு மாதிரியான இடம். இங்கே கொடி பிழைப்பதற்குக் காரணம் சரிவுதான். செப்டம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 40 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சமதரையில் அந்த வெயில் சாய்வாக விழுந்து பரந்துபோகும். தெற்கு நோக்கி 30 டிகிரி சாய்ந்த நிலத்தில் அதே கதிர் 70 டிகிரி கோணத்தில் விழுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் நேர்வெயில் சமதரையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பழம் முதிரும் கடைசி ஆறு வாரத்தில் இந்த வித்தியாசம்தான் பழுத்த புளிப்பையும் பச்சைப் புளிப்பையும் பிரிக்கிறது.

மதியத்துக்கு மேல் ரூவர் ஓடைப் பக்கம் போனோம். ரூவர், சார் இரண்டும் மோசலில் வந்து சேரும் கிளை ஆறுகள். பள்ளத்தாக்குகள் திறந்தவை, காற்று அதிகம், உயரமும் கொஞ்சம் கூடுதல். 100 மீட்டர் மேலே போனால் சராசரியாக 0.6 டிகிரி செல்சியஸ் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் இந்த இரண்டு இடங்களிலும் அறுவடை ஒரு வாரம், பத்து நாள் பிந்தும். நல்ல வருடத்தில் இங்கிருந்து வரும் ஒயினின் கூர்மை வேறெங்கும் கிடைக்காது. குளிர்ப் பிரதேச ஒயின் என்றால் சர்க்கரை போதாத ஒயின் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சர்க்கரை போதாததைச் சரிக்கட்ட வழி இருக்கிறது. பழத்துக்குள் மணம் சேர நாள் வேண்டும், அந்த நாள் முழுக்கப் புளிப்பு கரைந்துபோகாமலும் இருக்க வேண்டும். வெப்பமான இரவுகளில் கொடி தன் மாலிக் அமிலத்தைச் சுவாசித்தே தீர்த்துவிடும். 8 டிகிரி, 10 டிகிரி இரவுகளில் அது அப்படியே நிற்கும். நல்ல வெள்ளை ஒயினின் முதுகெலும்பு இந்தக் குளிர்ந்த செப்டம்பர் இரவுகளில்தான் உருவாகிறது.

இரண்டாம் நாள்: பீஸ்போர்ட், வேலன்

ட்ரியரிலிருந்து, ஆறு ரைனில் சேரும் கோப்லென்ஸ் நகருக்கு நேர்கோட்டில் 100 கிலோமீட்டர்கூட இல்லை. ஆறோ அதைப் போல் இரண்டு மடங்கு தூரம் வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் தெற்கையோ தென்மேற்கையோ பார்த்த ஒரு சுவர் கிடைக்கிறது. அந்தச் சுவர்களில் திராட்சை; எதிர்க்கரையில் காடு, ஊர், ரயில். எங்கே கொடி நடுவது என்பதை ஆறே தீர்மானித்துவிட்டது.

பீஸ்போர்ட்டில் 4ஆம் நூற்றாண்டு ரோமானியப் பிழியும் தளம் ஒன்றைத் தோண்டி எடுத்துச் சீர்ப்படுத்தியிருக்கிறார்கள். அதைத் தாண்டி மேலே ஏறினால் காலுக்கடியில் மண்ணே தெரியாது. எல்லாம் ஸ்லேட் கல். உள்ளங்கை அகலத் தகடுகளாக உடைந்து கிடக்கிறது. பகலில் சூடேறி இரவில் மெல்ல விடும். மழை பெய்தால் இடுக்குகள் வழியாக உடனே இறங்கிவிடும், அடியில் வேர் பாறைப் பிளவுகளுக்குள் போய் ஈரம் தேடும். மேல்மண் அரித்துப்போகாமல் காப்பதும் இந்தத் தகடுகள்தான். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கீழே சரிந்த கல்லை மேலே கொண்டுபோய்ப் பரப்ப வேண்டும், அது தனி வேலை. வேரை உறிஞ்சிக் கொடியைக் கொல்லும் வேர்ப்பேன் இந்த நிலத்தில் அவ்வளவாகப் பெருகாததால், அமெரிக்க இனத்து வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டாத, சொந்த வேரிலேயே நிற்கும் பழைய ரீஸ்லிங் கொடிகள் இன்னும் சில சரிவுகளில் இருக்கின்றன. அதைப் பார்த்து யாரும் புதிதாக ஒட்டில்லாமல் நடக்கூடாது. ஒட்டுக்கன்று நடுவதே விதி.

வேலன் ஊருக்கு எதிரே பாறையில் ஒரு பெரிய சூரியக் கடிகாரம். 1842இல் ஜோடோக்குஸ் ப்ரூம் என்ற தோட்டக்காரர், சரிவில் வேலை செய்கிறவர்களுக்கு நேரம் தெரியட்டும் என்று கட்டியது. தோட்டத்தின் பெயரே அதுதான் இப்போது. நிழல் எப்போதும் தெளிவாக விழும் இடத்தில்தானே அப்படி ஒன்றைக் கட்ட முடியும். ஆக, அந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு வெயில் என்பதை விளக்க வேறு ஆதாரம் தேவையில்லை.

இங்கே கொடியை வளர்க்கும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பி கிடையாது. கொடிக்கு ஒரு மரக்கம்பம், ஆள் உயரத்துக்கு மேல். ஒவ்வொரு குளிர்காலமும் கவாத்து செய்யும்போது முந்தைய வருடத்தில் முளைத்த குச்சிகளில் பென்சில் பருமனுள்ள இரண்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டுகிறார்கள். ஒவ்வொன்றிலும் 6 முதல் 10 கண் (துளிர்விடும் மொட்டு). கூடவே அடியில் 1 அல்லது 2 கண் உள்ள ஒரு குட்டைக் குச்சி, அடுத்த வருடத்துக்கான குச்சி அதிலிருந்து வரும். பிறகு இரண்டு குச்சிகளையும் வலமும் இடமுமாக வளைத்து நுனியைக் கம்பத்தின் அடிப்பக்கம் கட்டுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இதய வடிவம். வளைப்பது அழகுக்காக அல்ல. நேராக விட்டால் சத்தெல்லாம் நுனிக்கண்ணுக்கு ஓடி, நடுவில் உள்ள கண்கள் முளைக்காமல் போகும். வளைத்தால் எல்லாக் கண்ணும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் துளிர்க்கும்.

வளைக்கும் நாள் முக்கியம். மார்ச்சில், மழைத் தூறலோ மூடுபனியோ உள்ள நாளாகப் பார்த்துச் செய்கிறார்கள். குச்சி ஈரம் குடித்திருந்தால்தான் வளையும். காய்ந்த கிழக்குக் காற்றில் வளைத்தால் பட்டென்று முறியும். முறிந்தால் அந்தக் கொடியின் பாதி விளைச்சல் அந்த நொடியே போயிற்று.

எத்தனை கண் விடுவது என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. ஒரு கொடியில் அறுத்த பழத்தின் எடையை, அதே கொடியில் அடுத்த குளிர்காலத்தில் வெட்டிய குச்சியின் எடையால் வகுக்க வேண்டும். 5க்கும் 10க்கும் நடுவில் வந்தால் கொடி சமநிலையில் இருக்கிறது. 10க்கு மேல் போனால் பாரம் அதிகம், பழம் முதிராது. 5க்குக் கீழே என்றால் கொடி இலையாகவே வளர்ந்து குலையை நிழலில் போடுகிறது. குளிர்ப் பிரதேசத்தில் கீழ்ப்பாதியிலேயே நிற்பது நல்லது. கம்பத்தில் வளர்க்கும் தோட்டத்தில் ஹெக்டேருக்கு 6,000 முதல் 10,000 கொடி நெருக்கி நடுவார்கள். கம்பி கட்டி 2 மீட்டர் வரிசை, 1 மீட்டர் இடைவெளி என்றால் 5,000. நெருக்கி நட்டால் ஒரு கொடிக்குப் பாரம் குறையும். ஒரு கொடியிலிருந்து ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடுத்தால் போதும் என்ற கணக்கு அங்கேதான் வருகிறது.

மூன்றாம் நாள்: ஊர்ட்சிக், பனியும் நோயும்

ஊர்ட்சிக்கில் கல் சிவப்பு. பக்கத்து ஊர்களின் நீல ஸ்லேட்டோடு ஒப்பிட்டால் ஒயினிலும் ஒரு மசாலா மணம் தூக்கலாக இருக்கிறது. கல்லின் ருசி நேராக ஒயினில் இறங்குகிறது என்று சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. வெப்பம், நீர்ப்பிடிப்பு, வேரின் ஆழம் இவை வழியாகத்தான் கல் பேசுகிறது.

இன்று பேச வேண்டியது இழப்புகளைப் பற்றி. முதலாவது வசந்தகாலப் பனி. உறங்கும் கண் கடும் குளிரையும் தாங்கும். துளிர் விரிந்துவிட்டால் மைனஸ் 2 டிகிரியே போதும், காலையில் கறுத்துத் தொங்கும். மே 11 முதல் 15 வரை உள்ள நாட்களை இங்கே பனிப் புனிதர்களின் நாட்கள் என்று சொல்லி, அவை கழியும்வரை நிம்மதியாகத் தூங்குவதில்லை. 2024 ஏப்ரல் பிற்பகுதியில் வந்த பனி சார், ரூவர் பள்ளத்தாக்குகளைக் கடுமையாகத் தாக்கியது. குளிர்காற்று கனமானது, சரிவில் வழிந்து கீழே தேங்கும். அதனால் நடுச்சரிவு தப்பும், அடிவாரமும் குழிந்த இடங்களும் மாட்டும். அடிவாரத்தில் நடவே கூடாது என்று பழையவர்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

தப்பிக்கும் வழிகள்: ஹெக்டேருக்கு 300, 400 மெழுகு வாளிகள் ஏற்றுவது ஒன்று. தெளிப்புநீர் இன்னொன்று. மணிக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர், அதாவது ஹெக்டேருக்கு 30,000 முதல் 40,000 லிட்டர் தண்ணீர். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் துளிரைப் பூஜ்யத்துக்கு அருகிலேயே நிறுத்திவைக்கும். ஆரம்பித்தால் வெயில் ஏறி, பனிக்கட்டி தானாகக் கழன்று விழும்வரை நிறுத்தக்கூடாது. நடுவில் நின்றால் ஆவியாதல் துளிரின் வெப்பத்தை உறிஞ்சும். தெளிக்காத தோட்டத்தைவிட நஷ்டம் அதிகமாகும்.

இரண்டாவது அடிச்சாம்பல் நோய். முதல் தொற்றுக்கு மூன்று பத்துகளை நினைவில் வைத்தால் போதும்: துளிர் 10 சென்டிமீட்டர், மழை 10 மில்லிமீட்டர், வெப்பம் 10 டிகிரி. மூன்றும் ஒரு நாளுக்குள் சேர்ந்தால் பூஞ்சணம் உள்ளே நுழைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இலையின் மேல்பக்கம் எண்ணெய்ப் புள்ளி, மறுபக்கம் வெள்ளைப் பூப்பு. இதற்குத் தாமிரம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 7 வருடத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரத்துக்கு மேல் போகக்கூடாது, சராசரி வருடத்துக்கு 4 கிலோ. மழை வருமுன் இலைமேல் இருந்தால்தான் வேலை செய்யும், தொற்றிய பிறகு அடித்துப் பயனில்லை. சாம்பல் நோய் வேறு மாதிரி. அதற்கு இலை நனைய வேண்டியதில்லை; இதமான சூடும் காற்றில் ஈரமும் போதும். அதற்கு நனையும் கந்தகம், 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை, பூக்கும் காலத்தில் இன்னும் நெருக்கமாக. 30 டிகிரிக்கு மேல் சுடும் நாளில் கந்தகம் அடித்தால் இலையும் காயும் கருகும். அறுவடைக்கு ஐந்து வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் தோலில் ஒட்டிய கந்தகத்தை ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றமாக மாற்றும். தோட்டத்துத் தவறு தொட்டியில் தெரியும் இடம் அது.

ரீஸ்லிங்குக்குப் பெரிய பலவீனம் குலையின் நெருக்கம். மணிகள் ஒன்றையொன்று நசுக்கி, தோல் வெடித்து, பொட்ரைட்டிஸ் பூஞ்சணம் ஏறும். குலையைச் சுற்றியுள்ள இலைகளைப் பூக்கும் சமயத்திலேயே கிள்ளினால் காய்ப்பிடிப்பு கொஞ்சம் குறைந்து குலை தளர்வாகும். சிலர் ஜூலையில் ஒவ்வொரு குலையின் கீழ்ப்பாதியையும் கத்தரித்துவிடுகிறார்கள். இலை கிள்ளும்போது காலை வெயில் படும் பக்கம் மட்டும் திறக்க வேண்டும். மாலை வெயில் பக்கம் திறந்தால் தோல் வெந்துபோகும். அதோடு வெயில் பட்ட பழத்தில் கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகள் சிதைவதால், ஒயின் புட்டிக்குள் போன சில வருடத்திலேயே மண்ணெண்ணெய் வாசம் தலைதூக்கும். முதிர்ந்த ரீஸ்லிங்கில் அந்த வாசம் இலேசாக இருப்பது இயல்பு, இளமையிலேயே முந்திக்கொண்டு வருவது குறை.

திராட்சை அந்துப்பூச்சிக்கு இங்கே மருந்தே அடிப்பதில்லை என்று சொல்லலாம். பெண்பூச்சியின் வாசனை நிரப்பிய சிறு குப்பிகளை ஹெக்டேருக்குச் சுமார் 500 கொடிகளில் மாட்டிவிடுகிறார்கள். ஆண்பூச்சிக்குத் துணை எங்கே என்று தெரியாது. ஒருவர் தோட்டத்தில் மட்டும் மாட்டினால் பலிக்காது, கருவுற்ற பெண்பூச்சி பக்கத்துத் தோட்டத்திலிருந்து பறந்து வந்துவிடும். அதனால் முழுச் சரிவுக்கும் ஊரே சேர்ந்து ஒரே நாளில் மாட்டுகிறது.

நான்காம் நாள்: ப்ரெம், கால்மோன்ட்

கால்மோன்ட், ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைச் சரிவுகளில் ஒன்று; சில இடங்களில் 65 டிகிரி. பாதை நெடுக இரும்புக் கம்பிகளும் ஏணிகளும் பொருத்தியிருக்கிறார்கள். ஆளும் கூடையும் மேலே போக ஒற்றைத் தண்டவாளத்தில் பற்சக்கர வண்டி ஓடுகிறது. அது வருமுன் எல்லாம் முதுகில்தான்.

சமதரையில் இயந்திரம் ஓடும் தோட்டத்துக்கு ஹெக்டேருக்கு வருடம் 300 மணி நேரத்துக்குள் வேலை முடியும். இங்கே 1,000 மணி நேரத்தைத் தாண்டும். சாந்து பூசாமல் அடுக்கிய கல் சுவர்கள்தான் மண்ணைப் பிடித்து நிற்கின்றன. ஒன்று சரிந்தால் திரும்பக் கட்ட ஆகும் செலவு அந்தத் துண்டின் பல வருட விளைச்சலை விழுங்கும். கைவிட்ட துண்டுகளில் முள்ளும் புதரும் ஏறியிருப்பதைப் பார்க்க மனம் கனக்கிறது. மருந்து தெளிக்க ஹெலிகாப்டர் வரும், இப்போது ட்ரோனும் சேர்ந்திருக்கிறது. அறுவடைக்கு மட்டும் இன்னும் மனிதக் கைதான்.

ஐந்தாம் நாள்: அறுவடையும் பிழிதலும்

காலை 8 மணிக்கு மூடுபனி. குலை நனைந்திருந்தால் அறுக்கமாட்டார்கள், சாற்றில் தண்ணீர் சேரும்.

அறுவடை நாளைத் தீர்மானிக்கும் அளவு ஆக்ஸ்லே. ப்ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரின் ஃபெர்டினாண்ட் ஆக்ஸ்லே பரப்பிய அளவுகோல்: ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் தண்ணீரைவிட எத்தனை கிராம் கனம் என்பதே டிகிரி. 75 டிகிரி சாறு முழுவதும் நொதித்தால் 10 சதவீத ஆல்கஹால். 90 டிகிரிக்கு 12. பிரிக்ஸ் என்ற சர்க்கரை அளவு பழக்கமானவர்கள் சுமாராக 4ஆல் வகுத்துக்கொள்ளலாம். ஜெர்மன் சட்டத்தில் தரப் பெயர்கள் இந்த எண்ணில்தான் நிற்கின்றன. வட்டாரத்துக்கும் ரகத்துக்கும் ஏற்பக் கபினெட்டுக்குக் குறைந்தது 67 முதல் 82, ஸ்பேட்லேஸுக்கு 76 முதல் 90, ஆஸ்லேஸுக்கு 83 முதல் 100. ஐஸ்வைனுக்கு மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே பழம் கொடியிலேயே உறைந்திருக்க வேண்டும், உறைந்தபடியே பிழிய வேண்டும்.

எண்ணை நம்பி மட்டும் அறுப்பது தவறு. மாதிரி எடுக்கும்போது பலரும் செய்யும் பிழை, கண்ணுக்கு அழகான குலையையே பறிப்பது. மொத்தம் 200 மணியாவது வேண்டும். வெயில் பக்கம், நிழல் பக்கம், குலையின் தோள், நுனி, சரிவின் மேல், கீழ் என்று கலந்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக நசுக்கி, சாற்றைக் கலக்கி, பிறகு அளக்க வேண்டும். விதையைக் கடித்துப் பாருங்கள்: பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் காலம் ஆகவில்லை, பழுப்பாகி மொறுமொறுத்தால் சரி. தோலை மென்று துப்பினால் புல்வாசம் போய்ப் பீச் பழ வாசம் வந்திருக்க வேண்டும். புளிப்பு, திராட்சையின் முக்கிய அமிலமான டார்டாரிக் கணக்கில் லிட்டருக்கு 8 முதல் 11 கிராம், பிஎச் 2.9 முதல் 3.2. இந்த எல்லைக்குள் வாசமும் வந்துவிட்டால் அன்றே அறுக்க வேண்டும். இன்னும் ஐந்து டிகிரி ஆக்ஸ்லே ஏறட்டும் என்று காத்திருந்து மழையில் சிக்கினால் வாசமும் போகும், குலையும் அழுகும்.

ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று முறை போய் அறுக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு பெட்டி: நல்ல குலை ஒன்றில், பொட்ரைட்டிஸ் ஏறியது மற்றதில். அழுகலிலும் வகை உண்டு. பழுத்த பிறகு வந்து மணியைச் சுருங்க வைக்கும் பூஞ்சணம் தேன் வாசம் தரும். பச்சையில் வந்தது, காடி வாடை அடிப்பது, பச்சைநிறப் பூஞ்சை பிடித்தது எல்லாம் தரையில் போக வேண்டியவை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தே பிரிக்கிறார்கள்.

பிழியும் இடத்தில் குலையைக் காம்போடு முழுதாகவே போடுகிறார்கள். காம்பு நடுவே வடிகால் மாதிரி வேலை செய்து சாறு சுலபமாக இறங்க வழி விடுகிறது, தோலும் அதிகம் உரசுவதில்லை. காற்றுப்பை உள்ள பிழிபொறியில் 0.2 பார் அழுத்தத்தில் தொடங்கி, படிப்படியாக 1.5 வரை, மிஞ்சினால் 2. மொத்தம் மூன்று, நான்கு மணி நேரம். 100 கிலோவுக்கு 60 முதல் 70 லிட்டர். கடைசியில் வரும் பத்தில் ஒரு பங்குச் சாற்றைத் தனியே பிடிக்க வேண்டும். நாக்கில் வைத்தால் கசப்பு தெரியும்; பிஎச் மேலே போயிருக்கும், ஏனென்றால் தோலிலிருந்து பொட்டாசியம் இறங்கிப் புளிப்பைக் கட்டிப்போடுகிறது. அதை நல்ல சாற்றோடு கலந்தால் முழுத் தொட்டியும் கரகரக்கும்.

பழம் சுத்தமாக இருந்தால் இந்தக் கட்டத்தில் சல்பைட் (கெடாமல் காக்கும் கந்தக டை ஆக்சைடு) போடாமல் விடுவதே நல்லது. சாறு பழுப்பு நிறமாகும், பார்ப்பவர்கள் பதறுவார்கள். காற்றுப்பட்டுக் கறுக்கும் ஃபீனால்கள் கசடோடு அடியில் படிந்து போய்விடும், நொதித்த பின் ஒயின் வெளிறித் தெளிவாக நிற்கும். அழுகல் கலந்திருந்தால் மட்டும் லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு உடனே வேண்டும்.

ஆறாம் நாள்: நிலவறை

சாறு 8 முதல் 12 டிகிரிக் குளிரில் 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். மேலே தெளிந்ததை வேறு தொட்டிக்கு இறக்குவார்கள். கண்ணாடி மாதிரித் தெளிந்தால் ஆபத்து, ஈஸ்டுக்கு வேண்டிய கொழுப்புச்சத்து கசடோடு போய்விடும், நொதித்தல் பாதியில் நின்றுபோகும். கலங்கலாக விட்டால் முரட்டு வாசமும் கந்தக நாற்றமும் வரும். கலங்கல் அளவு 50 முதல் 150 என்டியு (கலங்கலை அளக்கும் அலகு) வரை இருப்பது சரி; கருவி இல்லையென்றால் குவளையில் இலேசான மூட்டம் தெரியும் நிலை.

இங்கே இரண்டு வழிமுறைகள். ஒன்று, தானாகவே நொதிக்க விடுவது. பழத்திலும் நிலவறையிலும் இருக்கும் ஈஸ்டுகள் தொடங்க ஒரு வாரம்கூட ஆகும், முடிய ஜனவரி, பிப்ரவரி ஆகும். இளமையில் தீக்குச்சி வாசம் வரும், பின்னால் ஆழம் தரும். இதற்குச் சுத்தமான பழம், தாழ்ந்த பிஎச், தினமும் முகர்ந்து பார்க்கும் மூக்கு மூன்றும் வேண்டும். மற்றது வாங்கிய உலர் ஈஸ்ட். 100 லிட்டருக்கு 20 முதல் 25 கிராம். அதன் பத்து மடங்கு எடை தண்ணீரில், 35 முதல் 38 டிகிரிச் சூட்டில் 20 நிமிடம் ஊறவைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாறு சேர்த்துக் குளிர்விக்க வேண்டும். ஊறலுக்கும் தொட்டிச் சாற்றுக்கும் வித்தியாசம் 10 டிகிரிக்குள் வந்த பிறகுதான் ஊற்றலாம். அவசரப்பட்டு நேராகக் குளிர்ச்சாற்றில் கொட்டினால் பாதி ஈஸ்ட் அங்கேயே செத்துப்போகும்.

வறண்ட வருடப் பழத்தில் நைட்ரஜன் குறைவாக இருக்கும். ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜன் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் அழுகிய முட்டை நாற்றத்தை எதிர்பார்க்கலாம். டை அமோனியம் பாஸ்பேட் 100 லிட்டருக்கு 30 கிராம் சேர்த்தால் 60 மில்லிகிராம் சொச்சம் கூடும். எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டாமல், நொதித்தல் தொடங்கியபின் பாதி, மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை தீர்ந்தபின் மீதி.

வெப்பம் 14 முதல் 18 டிகிரி. 20ஐத் தாண்டினால் பழவாசம் வாயுவோடு கூரைக்குப் போய்விடும். மோசலின் பழைய பீப்பாய் ஃபூடர், சுமார் 1,000 லிட்டர். 10 டிகிரி நிலவறையில் அந்த அளவு பீப்பாய் தன் சூட்டைத் தானே வெளியே விட்டுவிடும். 5,000 லிட்டர் எவர்சில்வர் தொட்டிக்கு அது முடியாது, குளிர்நீர் ஓடும் உறை கட்டாயம். ஆக்ஸ்லே ஒரு நாளைக்கு 2 முதல் 5 டிகிரி இறங்கினால் போக்கு சரி. 8, 10 என்று இறங்கினால் குளிர்விக்க வேண்டும். ஒரு டிகிரிகூட இறங்கவில்லையென்றால் சூடேற்றிக் கசடைக் கலக்கிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு லிட்டர் சாறு நொதிக்கும்போது 40 முதல் 50 லிட்டர் கரியமில வாயு வெளியேறும். ஒரு ஃபூடருக்கு 40,000 லிட்டருக்கு மேல். அது காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும், வாசமே இல்லை. மெழுகுவர்த்தியைத் தாழப் பிடித்து இறங்குவது பழைய வழக்கம். சுடர் அணைந்தால் திரும்ப வேண்டும். ஆனால் சுடர் எரிகிற அளவிலும் வாயு ஆளைச் சாய்க்கும் என்பதால் இன்று அளவுக்கருவியும் தரையோரக் காற்று உறிஞ்சியும் இல்லாமல் உள்ளே போகக்கூடாது. மயங்கி விழுந்தவரைத் தூக்கப் பின்னால் இறங்கியவரும் இறப்பது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

இனி மோசலின் தனிக்கலை: நொதித்தலை நிறுத்துவது. 80 டிகிரி ஆக்ஸ்லே சாற்றில் சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 183 கிராம். ஒரு சதவீத ஆல்கஹாலுக்கு 17 கிராம் செலவு. 8 சதவீதம் வந்ததும் நிறுத்தினால் 136 கிராம் போய் 47 கிராம் இனிப்பு மிஞ்சும். 9 கிராம் புளிப்போடு சேரும்போது அது இனிப்பாகவே தெரியாது, பழமாகத் தெரியும். நிறுத்தும் நாளை நாக்குதான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நாள் முன்பே குளிர்விக்கத் தொடங்கி 2 டிகிரி வரை இறக்குகிறார்கள். தொட்டி உடனே நிற்காது, இன்னும் ஓரிரு டிகிரி ஆக்ஸ்லே இறங்கித்தான் ஓயும். ஈஸ்ட் படிந்ததும் வேறு தொட்டிக்கு மாற்றிச் சல்பைட் போட்டு வடிகட்டுகிறார்கள். வறண்ட ஒயின், அதாவது இனிப்பில்லாதது, வேண்டுமென்றால் கடைசிவரை விட வேண்டும். ஐரோப்பிய விதிப்படி 4 கிராம் சர்க்கரைவரை வறண்டது. புளிப்பைவிட 2 கிராமுக்கு மேல் கூடாமல் இருந்தால் 9 வரையிலும் அந்தப் பெயர் உண்டு.

புளிப்பு தாங்கமுடியாத வருடங்களும் வரும். கால்சியம் கார்பனேட் லிட்டருக்கு 0.67 கிராம் போட்டால் ஒரு கிராம் புளிப்பு இறங்கும். நொதிக்குமுன் சாற்றிலேயே செய்வது நல்லது, ஒரு கிராம், இரண்டு கிராமோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது. சர்க்கரை சேர்ப்பது கபினெட்டிலிருந்து மேலே உள்ள எந்தத் தரத்துக்கும் சட்டப்படி கிடையாது.

ஏழாம் நாள்: புட்டி

நொதித்த ஒயின் மெல்லிய கசடின் மேலேயே மார்ச், ஏப்ரல்வரை இருக்கும். தொட்டியோ பீப்பாயோ நிரம்பி வழிய இருக்க வேண்டும்; ஒரு விரல்கடை காலியிடம் இருந்தாலும் ஆக்சிஜன் வேலையைக் காட்டும். பழைய பீப்பாயின் உட்சுவரில் படிகம் படிகமாக ஒட்டியிருப்பது டார்டாரிக் உப்பு. குளிர்காலத்தில் தானாகப் படியாவிட்டால் புட்டிக்குள் படியும், குடிப்பவர் கண்ணாடித் தூள் என்று பயப்படுவார். புட்டிக்கு முன் 0 டிகிரிக்கு இறக்கி லிட்டருக்கு 4 கிராம் பொட்டாசியம் பைடார்ட்ரேட் தூள் தூவிக் கலக்கினால் மீதி உப்பும் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும்.

புரதம் கலங்குமா என்று பார்க்க, வடிகட்டிய ஒயினை 80 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து ஆறவிட வேண்டும். மூட்டம் போட்டால் பென்டோனைட் களிமண். 100 லிட்டருக்கு 50, 100, 150 கிராம் என்று சிறு குப்பிகளில் சோதித்து, மூட்டம் போடாத மிகக் குறைந்த அளவை மட்டும் சேர்க்க வேண்டும். கூடப் போட்டால் வாசத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

சல்பைட் கணக்கு பிஎச்சைப் பொறுத்தது. கிருமியைத் தடுக்கும் மூலக்கூறு நிலையில் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் வேண்டுமானால், பிஎச் 3.0இல் கட்டற்ற சல்பைட் (வேறெதோடும் பிணையாமல் இருப்பது) 13 மில்லிகிராமே போதும், 3.2இல் 21, 3.5இல் 40. குளிர்ப் பிரதேச ஒயினுக்கு இதுவும் ஒரு வரம். ஆனாலும் இனிப்பு மிஞ்சிய ஒயினுக்குப் புட்டியில் அடைக்கும் நாளில் 40 முதல் 50 வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் முதல் சில மாதத்தில் அது குறைந்துகொண்டே போகும். 1,000 லிட்டர் ஒயினில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் கூட்ட 40 கிராம் கந்தக டை ஆக்சைடு. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டில் பாதிதான் தேறும் என்று வைத்து 80 கிராம் தூள்.

இனிப்பு ஒயின் 0.45 மைக்ரான் வடிகட்டியைத் தாண்டித்தான் புட்டிக்குப் போக வேண்டும். ஒரு ஈஸ்ட் தப்பினாலும் கோடையில் மூடி கழன்று பறக்கும். வடிகட்டியைத் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் அழுத்தம் கொடுத்து ஓட்டை உண்டா என்று பார்க்கிறார்கள். குழாய் முதல் நிரப்பும் முனைவரை கொதிநீராவி 20 நிமிடம். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். கரியமில வாயு ஒரு கிராம் அளவு விட்டுவைத்தால் நாக்கில் அந்தத் துள்ளல் நிற்கும். வரிசையில் முதலில் வரும் சில புட்டிகளில் குழாய்த் தண்ணீரும் காற்றும் கலந்திருக்கும், அவற்றைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். அதன்பின் மணிக்கு ஒரு புட்டி திறந்து கட்டற்ற சல்பைட்டையும் ஆக்சிஜனையும் அளந்து பலகையில் எழுதுகிறார்கள். எண் நகர்ந்தால் வரிசை நிற்கிறது, எங்கே காற்று புகுகிறது என்று ஒவ்வோர் இணைப்பாகத் தேடுகிறார்கள்.